பார்வையற்ற பிள்ளைக்குக் கனடாவின் விடுமுறை நாட்களை எப்படிச் சொல்வது? படமா, பொருளா, ஒலியா, நேரில் போவதா

ஆகஸ்டில் டொராண்டோவில் வந்து இறங்கும் ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்குப் பார்வை இல்லை, அல்லது மிகக் கொஞ்சம்தான் இருக்கிறது. செப்டம்பர் முதல் திங்கள் தொழிலாளர் தினம், விடுமுறை. பள்ளி திறந்து சில வாரங்களில், செப்டம்பர் 30 அன்று, வகுப்பே ஆரஞ்சுச் சட்டையில் வருகிறது. அக்டோபர் இரண்டாவது திங்கள் நன்றி நவிலும் நாள். நவம்பர் 11, போரில் இறந்த வீரர்களை நினைக்கும் நினைவு நாள்; அன்று காலை 11 மணிக்குப் பள்ளிக்கூடம் முழுக்கத் திடீரென்று அமைதியாகிவிடுகிறது. பத்து வாரத்தில் நான்கு நாட்கள். நான்கையும் வகுப்பில் பெரும்பாலும் கண்ணுக்குத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள்: சுவரில் ஒட்டிய படம், வண்ணம் தீட்டும் தாள், ஒரு காணொளி.

டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் சனிக்கிழமைகளில் இப்படிப்பட்ட பிள்ளைகளோடு உட்காருகிறேன். யாழ்ப்பாணத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் வந்தவர்கள் அதிகம். சிரியாவிலிருந்து வந்த இரண்டு பேரும் உண்டு. பெற்றோர் கேட்பதும் பள்ளி உதவியாளர்கள் கேட்பதும் கிட்டத்தட்ட ஒரே கேள்விதான்: கையில் இருக்கிற நேரத்துக்கும் காசுக்கும் எதில் தொடங்குவது? புடைப்புப் படம் (விரலால் தொட்டறிய, கோடுகள் உப்பி நிற்கும் படம்) செய்வதா, பொருள் சேர்ப்பதா, ஒலிப்பதிவு போதுமா, அல்லது நேரில் கூட்டிப்போவதா? நான்கையும் செய்து பார்த்திருக்கிறேன். நான்கிலும் தவறியும் இருக்கிறேன். அதை வைத்துத்தான் இந்த ஒப்பீடு.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் பார்க்க வேண்டியது, அந்த நாள் ஏன் வந்தது என்பது பிள்ளைக்குப் போய்ச் சேருகிறதா, அலங்காரம் மட்டும் சேருகிறதா என்பதை. ஒரு சிறுமி கனடா தினத்துக்குச் செய்த கைவேலையை என்னிடம் கொண்டுவந்தாள். அட்டையில் வெட்டிய மேப்பிள் இலை, மேலெல்லாம் பஞ்சு. என்ன செய்தாய் என்றேன். "இலை ஒட்டினேன்." எதற்கு? "டீச்சர் ஒட்டச் சொன்னாங்க." 1867-இல் சில பிரிட்டிஷ் மாகாணங்கள் ஒன்றுசேர்ந்து ஒரு நாடானது, ஜூலை 1 அந்த நாட்டின் பிறந்தநாள் என்ற செய்தி அந்தப் பஞ்சில் எங்கும் இல்லை.

இரண்டாவது, மிச்சமிருக்கும் பார்வை. பார்வையற்றவர் என்று பதிவான பலருக்கு வெளிச்சம் தெரியும், பெரிய உருவம் தெரியும், அழுத்தமான நிறங்களைப் பிரித்தறிய முடியும். சிவப்பும் வெள்ளையுமாக ஒரு பெரிய கொடியை ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணருகே பிடித்துப் பார்க்கக்கூடிய பிள்ளையிடம், கண்ணை மூடிக்கொண்டு தொடு என்று சொல்வது அநியாயம்.

மூன்றாவது, மொழி. தமிழ்நாட்டில் பிரெய்ல் படித்துவிட்டு வரும் பிள்ளை, இந்திய மொழிகளுக்கான பாரதி பிரெய்லில் படித்திருக்கும். அதில் 'அ'வும் ஆங்கில 'ஏ'வும் ஒரே ஒற்றைப் புள்ளி. 'க'வும் 'கே'யும் ஒன்றுதான். ஆகவே எழுத்துக்கூட்டி வாசிக்கச் சீக்கிரம் வந்துவிடும். ஆனால் இங்கே பள்ளியில் கொடுக்கும் ஆங்கில பிரெய்லில் சுருக்கக் குறிகள் ஏராளம். அவை விரலுக்குப் பழக மாதக்கணக்கில் ஆகும். அக்டோபரில் கொடுத்த தாளைப் பிள்ளை தடவிக்கொண்டிருப்பதால் மட்டும் வாசிக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம்.

நான்காவது, ஏற்கெனவே தெரிந்த ஒரு நாளோடு புதிய நாளை முடிச்சுப் போட முடிகிறதா என்பது. எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். இலங்கையிலிருந்து வந்த பிள்ளைக்கு பிப்ரவரி 4 சுதந்திர தினம் என்று தெரியும்; தன் வீட்டில் அதைக் கொண்டாடுவதில்லை என்றும் பல பிள்ளைகளுக்குத் தெரியும். ஒரு நாட்டின் தேசிய நாள் அங்கே வாழும் எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்காது என்பதை அந்தப் பிள்ளை வீட்டிலேயே படித்துவிட்டது. கனடா தினத்தைப் பழங்குடி மக்களில் பலர் கொண்டாடுவதில்லை என்று சொன்னபோது, என் வகுப்பில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

மிச்சம் இரண்டு. மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து செய்ய முடிகிறதா, தனியாக ஒரு மூலையில் உட்கார வேண்டியிருக்கிறதா? அப்புறம் செலவு. காசைவிட மணிநேரத்தைக் கணக்குப் பாருங்கள்; முதலில் தீர்ந்துபோவது அதுதான்.

| வழி | எதற்கு நல்லது | காசு | கண்ணில் படாத செலவு |
|---|---|---|---|
| புடைப்புப் படம், பிரெய்ல் | கொடி, வரைபடம், தேதி, பெயர் | பள்ளி தந்தால் இல்லை. தனியாக வாங்கினால் அதிகம் | தயாரிக்கும் நேரம். படத்தை விரலால் வாசிக்கப் பழக்கும் நேரம் |
| பொருள் பெட்டி | சிறு பிள்ளைகள், புதிதாக வந்தவர்கள் | குறைவு | பொம்மைப் பொருளால் வரும் தவறான எண்ணம், கெட்டுப்போவது |
| ஒலி | கீதம், எக்காளம், கதை | இல்லை | மொழிபெயர்க்க ஒரு ஆள். பிள்ளை தனித்துப்போவது |
| நேரில் போவது | பொருளையும் ஒலியையும் ஏற்கெனவே அறிந்த பிள்ளை | பயணம், ஒரு நாள் சம்பளம் | குளிர், கூட்டம், வெடிச்சத்தம் |

## புடைப்புப் படமும் பிரெய்ல் தாளும்

கண் முதலில் படம் முழுவதையும் பார்த்துவிட்டுப் பிறகு விவரத்துக்குப் போகும். விரல் அப்படிச் செய்வதில்லை. துண்டு துண்டாகத் தொட்டு, ஒவ்வொன்றையும் நினைவில் வைத்து, தலைக்குள் கோத்துத்தான் முழு உருவத்துக்கு வரும். அதனால் எந்தப் படம் என்பதே இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. மேசையைச் சுற்றி எட்டுப் பேர், நடுவில் வான்கோழி, பின்னால் ஜன்னல் என்று ஒரு விருந்துக் காட்சியைக் கோடு கோடாக உப்பவைத்துக் கொடுத்தால், விரலுக்குக் கிடைப்பது ஒரு சிக்கல் நூல்கண்டு. வாணவேடிக்கைப் படத்தை நானே ஒருமுறை அப்படிச் செய்துகொடுத்தேன். பிள்ளை தடவிப் பார்த்துவிட்டுச் சிலந்தி என்றது. அது சொன்னது சரிதான். நடுவில் ஒரு உடம்பு, சுற்றிலும் கால்கள்.

ஆனால் கொடிக்கு இதைவிட நல்ல வழி இல்லை. கனடாக் கொடியின் நீளம் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு. அந்த அளவில் ஒரு துணியை எடுத்து, அதன் நீளத்தை நான்கு சம பங்காகப் பிரித்து மடியுங்கள். இரண்டு ஓரங்களும் சிவப்பு, நடு இரண்டும் சேர்ந்து வெள்ளைச் சதுரம். பிள்ளையே மடித்து, பிரித்து, ஓரப் பங்குகளில் சொரசொரப்பான துணியை ஒட்டினால், கொடி எப்படி அமைந்திருக்கிறது என்பது கைக்குள் வந்துவிடும். நடுவில் ஒட்டும் இலைக்கு 11 முனைகள். ஒரு டாலர் நாணயத்தையும் கையில் கொடுங்கள். அதற்கும் 11 பக்கங்கள். இரண்டுக்கும் ஒரே எண்ணிக்கை என்று கண்டுபிடித்த ஒரு பையன், அதற்கப்புறம் நவம்பர் 11, 11 மணி என்பதை மறக்கவே இல்லை. அந்த எண்களுக்குள் உறவு எதுவும் இல்லை என்றும் அவனிடம் சொல்லியாக வேண்டியிருந்தது.

கொடி இப்போதுள்ள வடிவத்துக்கு வந்தது 1965 பிப்ரவரி 15-இல்தான். மரத்திலிருக்கும் இலைக்கும் கொடியிலிருக்கும் இலைக்கும் வித்தியாசம் உண்டு, கொடியில் உள்ளது எளிமையாக்கி வரைந்தது. படம் மட்டும் தொட்ட பிள்ளை பூங்காவில் உண்மையான இலையை எடுத்துக் கொடுத்தால் இது மேப்பிள் இல்லை என்று சொல்லும். ஊரிலிருந்து வந்த பிள்ளைக்கு ஆமணக்கு இலை மாதிரி, விரல் விரித்த கை மாதிரி என்று சொன்னால் சட்டென்று பிடித்துக்கொள்ளும்.

செலவைப் பார்ப்போம். சூடு பட்டால் கறுப்புக் கோடு மட்டும் உப்பி எழும் ஒரு வகைத் தாள் இருக்கிறது. தாள் ஒன்று ஒரு டாலருக்கு மேல், அதைச் சூடாக்கும் இயந்திரம் ஆயிரம் டாலருக்கு மேல். இதை எந்தப் பெற்றோரும் வாங்க வேண்டாம். பள்ளியில் பிள்ளைக்கென்று எழுதும் தனிக் கல்வித் திட்டத்தில் இந்த நாட்களுக்கான படங்களும் வேண்டும் என்று கேட்டு எழுதவைக்க முடியும். பிரெய்ல் புத்தகங்களுக்கும் ஒலிப்புத்தகங்களுக்கும், அச்சு வாசிக்க முடியாதவர்களுக்கான செலா நூலகச் சேவை இருக்கிறது. உங்கள் ஊர்ப் பொது நூலகத்தில் சொல்லிப் பதிந்துகொள்ளலாம், கட்டணம் கிடையாது. வீட்டில் செய்வதென்றால் பசைக்கோடு, தடிமனான நூல், உப்புத்தாள் போதும். ஒரு நல்ல படத்துக்கு ஒரு மணிநேரம் ஆகும். செய்து முடித்ததும் நீங்கள் கண்ணை மூடித் தடவிப் பார்த்தால் போதாது. அந்தப் படம் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். பிரெய்ல் வாசிக்கிற ஒருவர் தொட்டு, இது என்ன என்று சொல்ல வேண்டும்.

பிரெய்ல் சரளமாக வரும் பிள்ளைக்கு, நான்காம் வகுப்புக்கு மேல், தேதியும் இடமும் பெயரும் எழுத வேண்டிய பாடத்துக்கு இந்த வழிதான். ஆறு வயதுக் குழந்தைக்கு இதில் தொடங்காதீர்கள்.

## பொருள் பெட்டி

ஒரு அட்டைப்பெட்டி. அதில் அந்த நாளுக்குரிய உண்மையான பொருள்கள் நான்கைந்து. பிள்ளை ஒவ்வொன்றாக எடுத்துத் தொட்டு, முகர்ந்து, குலுக்கிப் பார்க்கும். கூடவே ஒருவர் உட்கார்ந்து பேச வேண்டும். அவ்வளவுதான்.

நன்றி நவிலும் நாளுக்கு இதைப்போல் பொருத்தமான வழி கிடையாது, ஏனென்றால் அந்த நாளே அறுவடைக்கு நன்றி சொல்லும் நாள். கனடாவில் 1957-இல் அக்டோபர் இரண்டாவது திங்கள் என்று அறிவித்தபோதும் விளைச்சலுக்கு நன்றி என்றுதான் காரணம் சொன்னார்கள். பக்கத்து நாடான அமெரிக்காவில் அதே பெயரில் வரும் நாள் நவம்பர் நான்காவது வியாழன். இங்கே வடக்கில் அறுவடை முந்திவிடுகிறது என்று பிள்ளைக்குச் சொல்லலாம். தமிழ்ப் பிள்ளைக்கு மறுபக்கத்தில் பொங்கல் இருக்கிறது. ஆகவே நான் இரண்டு பெட்டி வைப்பேன். ஒன்றில் மஞ்சள் கொத்து, ஒரு பிடி அரிசி, வெல்லம், கடையில் கிடைத்தால் கரும்புத் துண்டு. இன்னொன்றில் பூசணி, சோளக் கதிர், ஆப்பிள், பூசணிப் பணியாரத்தில் போடும் மசாலாத் தூள்.

போன அக்டோபரில் எட்டு வயதுப் பையன் ஒருவன் அந்தத் தூளை முகர்ந்ததும் தலையை நிமிர்த்தி, "இது அம்மம்மா வீட்டு இறைச்சிக்கறி வாசம்" என்றான். பட்டை, கிராம்பு, ஜாதிக்காய் என்று அவன் அம்மா ஒவ்வொன்றாகப் பெயர் சொன்னார். இந்த ஊர்க்காரர்கள் இதை இனிப்பில் போடுகிறார்களா என்று அவனுக்கு நம்ப முடியவில்லை. அதன்பிறகு பூசணியைப் பிளந்து கையை உள்ளே விட்டான். நார், விதை, ஈரம். இதற்கு எதற்கு நன்றி சொல்கிறார்கள் என்று கேட்டான். குளிர்காலம் வரப்போகிறது, அதற்குமுன் சாப்பாடு உள்ளே வந்துவிட்டது, அதற்குத்தான் என்றேன். "தைப்பொங்கலுக்குச் சூரியனுக்குச் சொல்வோமே" என்றான். எந்தப் படத்தாலும் இது வந்திருக்காது.

நவம்பர் 11-க்குப் பெட்டியில், அன்று எல்லாரும் சட்டையில் குத்திக்கொள்ளும் செயற்கைச் செம்பூவை (பாப்பி) வைப்போம். படைவீரர் சங்கம் அக்டோபர் கடைசி வெள்ளியிலிருந்து அதை விநியோகிக்கிறது. பின்னால் நீளமான ஊசி இருக்கிறது, மூடி கிடையாது. பிள்ளையின் கையில் கொடுக்குமுன் ஊசி முனையில் ஒரு சின்ன ரப்பர் துண்டைக் குத்திவிடுங்கள். இது என்ன பூ என்று கேட்டால், வீட்டிலிருக்கும் கசகசாவை எடுத்து உள்ளங்கையில் கொட்டுங்கள். போர்க்களத்தில் பூத்த செடியும் கசகசா தரும் செடியும் ஒரே குடும்பம். உள்ளங்கையில் உள்ள விதைகளை எண்ணவே முடியாது. குண்டு விழுந்து கிளறிப்போட்ட மண்ணில் இந்த விதைகள்தான் முதலில் முளைத்தன என்று சொல்லும்போது, பிள்ளையின் கை அந்தப் பொடியைத் தேய்த்துக்கொண்டே இருக்கும்.

குறைகளும் உண்டு. பெரிய குறை பொம்மைகள். ஒரு டாலர் கடையில் பிளாஸ்டிக் வான்கோழி கிடைக்கிறது, உள்ளங்கை அளவு. பார்வையுள்ள பிள்ளை இது பொம்மை, நிஜம் பெரிது என்று தானாகப் புரிந்துகொள்ளும். பார்வையற்ற பிள்ளைக்கு வான்கோழி என்றாலே அந்த அளவுதான் என்று பதிந்துவிடும். உண்மைப் பொருள் கிடைக்காவிட்டால் பொம்மையைக் கொடுக்காமல், உன் இடுப்பு உயரம் நிற்கும், கோழியைப்போல் சிறகு என்று வாயால் சொல்வதே மேல். அடுத்தது உணவு. பல பள்ளிகளில் வீட்டில் சமைத்ததைக் கொண்டுவரக் கூடாது, கடலை வகைகளுக்குத் தடை. சைவ வீடு, ஹலால் வீடு எல்லாம் ஒரே மேசையில் இருக்கும். கேட்காமல் எதையும் வாயில் வைக்கச் சொல்லாதீர்கள்.

ஆங்கிலம் இன்னும் வராத பிள்ளைக்கு, பிரெய்ல் தெரியாத பிள்ளைக்கு, பத்து வயதுக்குக் கீழே உள்ள எல்லாருக்கும் என் முதல் தேர்வு இந்தப் பெட்டிதான். வகுப்பில் எல்லாருக்கும் ஒரே பெட்டி போதும் என்பது இன்னொரு நன்மை. பார்வையுள்ள பிள்ளைகளும் கண்ணை மூடிக்கொண்டு கை விட ஆசைப்படுவார்கள்.

## ஒலி

இன்று ராத்திரியே தொடங்கலாம், காசு இல்லை. கனடாவின் தேசிய கீதம் ஒரே மெட்டில் இரண்டு மொழிகளில் இருக்கிறது. 1880-இல் பிரெஞ்சில் எழுதியதுதான் முதல். ஆங்கில வரிகள் பின்னால் வந்தவை, அந்தப் பிரெஞ்சின் மொழிபெயர்ப்பும் அல்ல. சட்டப்படி தேசிய கீதமானது 1980 ஜூலை 1-இல். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு இது புதிதில்லை. இலங்கையின் கீதமும் சிங்களத்திலும் தமிழிலும் ஒரே மெட்டுத்தான். 2016 சுதந்திர தின விழாவில் அது தமிழில் பாடப்பட்டதைக் கேட்ட குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்கவைத்தால், ஒரு நாட்டுக்கு இரண்டு மொழி இருப்பது எப்படி, எந்த மொழிக்கு எவ்வளவு இடம் என்ற பேச்சு தானாக வரும். பத்து வயதுக்கு மேற்பட்டவர்களிடம் இது நன்றாகப் போகும்.

நினைவு நாளில் எக்காளத்தில் ஒரு மெட்டு வாசிப்பார்கள், பிறகு இரண்டு நிமிட அமைதி. முதல் ஆண்டு இந்த அமைதியைப் பற்றி முன்கூட்டிச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. முழுக்கப் பார்வை இல்லாத ஒரு சிறுமி, அப்போதுதான் வந்து மூன்று மாதம். பள்ளி மண்டபத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் சத்தம் ஒரே நொடியில் நின்றதும், எல்லாரும் தன்னை விட்டுவிட்டு வெளியே போய்விட்டார்கள் என்று நினைத்திருக்கிறாள். எழுந்து கையை நீட்டித் தேடியிருக்கிறாள். யாரோ உட்கார் என்று தோளை அழுத்தியிருக்கிறார்கள், பேசாமல். அதை அவள் என்னிடம் சொன்னபோது டிசம்பர் ஆகிவிட்டது. இப்போது நவம்பர் முதல் சனியிலேயே எங்கள் வகுப்பில் இரண்டு நிமிடம் சும்மா உட்காருகிறோம். சூடேற்றும் குழாயின் இரைச்சல், பக்கத்துப் பிள்ளையின் மூச்சு, நாற்காலி முனகல் என்று என்னென்ன கேட்டது என்று பிறகு பேசுகிறோம். ஆள் இருந்தும் அமைதி இருக்கலாம் என்று உடம்புக்குத் தெரிந்துவிடுகிறது.

இந்த வழியின் மறைந்த செலவு, ஹெட்போன். அதை மாட்டி ஒரு ஓரமாக உட்காரவைப்பது ஆசிரியருக்குச் சுலபம், பிள்ளைக்குத் தனிமை. வேகமான ஆங்கிலப் பதிவைப் புதிதாக வந்த பிள்ளையால் பின்தொடரவும் முடியாது. பக்கத்தில் தமிழிலோ அரபியிலோ நிறுத்தி நிறுத்திச் சொல்ல ஆள் இருந்தால்தான் ஒலி பாடமாகும். வீட்டில் பாட்டியோ அம்மம்மாவோ இருந்தால் இது அவர்கள் வேலை. நன்றாகச் செய்வார்கள்.

## நேரில் போவது

எல்லாரும் சிறந்தது என்று நினைப்பது இதைத்தான். நான் இதைக் கடைசியில் வைக்கிறேன்.

பழைய நகர மண்டபத்து முன்னாலுள்ள நினைவுச் சின்னத்தில் நவம்பர் 11 காலை கூட்டம் கூடும். குளிர். கையுறை போடாமல் நிற்க முடியாது; கையுறை போட்டால் பார்வையற்ற பிள்ளைக்கு அது கண்ணைக் கட்டிவிட்டது போலத்தான். கூட்டத்தில் எக்காளம் கேட்கும், ஒலிபெருக்கியில் ஆங்கிலம் கேட்கும், முன்னால் நிற்பவரின் கோட்டு முகத்தில் உரசும். மலர் வளையத்தைத் தொடமுடியாது. அன்றைக்கே கூட்டம் கலைந்தபின் மதியம் போனால் நிலைமை வேறு. கல்லைத் தொடலாம், வெட்டிய எழுத்துகளில் விரலை ஓட்டலாம், அவசரம் இல்லை. சரி, போவதென்றால் மதியம் போங்கள்.

ஒண்டாரியோவில் நவம்பர் 11-உம் செப்டம்பர் 30-உம் பெரும்பாலான வேலைகளுக்குச் சட்டப்படி விடுமுறை இல்லை. மணிக்கணக்குச் சம்பளத்தில் இருக்கும் அம்மாவோ அப்பாவோ கூடப் போனால் அன்றைய கூலி போச்சு. இதை யாரும் செலவுக் கணக்கில் சேர்ப்பதில்லை. டொராண்டோ போக்குவரத்தில் மாற்றுத்திறனாளியோடு வரும் துணையாளுக்கு ஒரு அட்டை உண்டு, அதை வாங்கிவைத்தால் துணையாளுக்குப் பயணம் இலவசம்.

ஜூலை 1 வாணவேடிக்கை பற்றி ஒன்று. பார்வையுள்ள பிள்ளைக்கு வெளிச்சம் முதலில் வரும், சத்தம் பிறகு வரும், மனசு தயாராக ஒரு நொடி கிடைக்கும். பார்வையற்ற பிள்ளைக்கு அந்த நொடி இல்லை. நேராக வெடி. வன்னியிலிருந்தோ அலெப்போவிலிருந்தோ வந்த வீட்டில் பிள்ளையின் கையைப் பிடித்திருக்கும் அம்மாவின் கையும் நடுங்கும். அந்த நடுக்கம் பிள்ளைக்குப் போகும். போகலாமா என்று முதலில் அம்மாவிடம் கேளுங்கள். போனால் தூரத்தில் உட்காருங்கள், ஒவ்வொரு வெடிக்கும் முன் "இப்போ வரும்" என்று சொல்ல ஒரு பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவையுங்கள். சக வயதுப் பிள்ளைகள் சொல்லும் வருணனை பெரியவர்களுடையதைவிட நன்றாகவே இருக்கும்.

பெட்டியும் ஒலியும் முடிந்து, என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்த பிள்ளைக்கு நேரில் போவது பெரிய விஷயம். முதல் பாடமாக அது வேண்டாம்.

## செப்டம்பர் 30

இந்த நாளுக்கு மேலே சொன்ன எதுவும் தனியாகப் போதாது. 2013-இல் ஆரஞ்சுச் சட்டை தினமாகத் தொடங்கி, 2021 முதல் உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான தேசிய நாளாக மத்திய அரசு அறிவித்தது. பழங்குடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து விடுதிப் பள்ளிகளில் வைத்தார்கள். ஒன்றரை லட்சம் பிள்ளைகளுக்குக் குறையாது, கடைசிப் பள்ளி மூடியது 1990களின் பின்பாதியில். ஆரஞ்சு நிறத்தை எப்படி விளக்குவது என்று என்னிடம் கேட்கிறார்கள். நிறத்தை விட்டுவிடுங்கள். பில்லிஸ் வெப்ஸ்டாட் ஆறு வயதில், 1973-இல், பிரிட்டிஷ் கொலம்பியாவில் அப்படி ஒரு பள்ளிக்குப் போனார். பாட்டி வாங்கிக்கொடுத்த புது ஆரஞ்சுச் சட்டை போட்டிருந்தார். முதல் நாளே அதைக் கழற்றி எடுத்துக்கொண்டார்கள், திருப்பித் தரவில்லை. தீபாவளிக்குப் புதுத்துணி வாசம் தெரிந்த எந்தப் பிள்ளைக்கும், மடிப்புக் கலையாத ஒரு சட்டையைக் கையில் கொடுத்து இதைச் சொன்னால் போதும்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இதைக் கேட்டுவிட்டுத் தமிழ்நாட்டிலிருந்து வந்த பதினொரு வயதுப் பையன் மெதுவாகக் கேட்டான்: "நானும் ஹாஸ்டல் ஸ்கூல்லதான் இருந்தேன். எங்க ஸ்கூலும் அப்படியா?"

நம் பக்கத்துப் பார்வையற்ற பிள்ளைகளில் பலர் விடுதியில் தங்கித்தான் படிக்கிறார்கள். பாளையங்கோட்டையில் 1890-இலிருந்து அப்படிப்பட்ட பள்ளி இருக்கிறது, இலங்கையின் இரத்மலானைப் பள்ளி தொடங்கியது 1912-இல். கனடாவிலும் பிரான்ட்ஃபோர்ட் ஊரில் 1872-இலிருந்து பார்வையற்றோருக்கான விடுதிப் பள்ளி இருக்கிறது. அதே பிரான்ட்ஃபோர்டில்தான் மோஹாக் இன்ஸ்டிடியூட் என்ற பழங்குடிப் பிள்ளைகளின் விடுதிப் பள்ளியும் 1970 வரை நடந்தது. ஒரே ஊர். பெயரைக் கேட்டால் இரண்டும் விடுதிப் பள்ளி. பையனிடம் நான் விளக்கவில்லை, கேட்டேன்.

"உன்னை யார் அங்கே சேர்த்தது?"

"அம்மாதான்."

"லீவுக்கு வீட்டுக்கு வந்தியா?"

"பொங்கலுக்கு, பெரிய லீவுக்கு எல்லாம் வந்தேன்."

"அங்க தமிழ்ல பேசினா அடிப்பாங்களா?"

சிரித்தான். அப்புறம் சிரிப்பை நிறுத்தி, "அவங்கள அடிச்சாங்களா?" என்றான். ஆமாம் என்றேன். சட்டையை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தான்.

இந்த உரையாடலுக்கு ஒரு பெரியவர், பிள்ளையின் சொந்த மொழியில், அவசரமில்லாமல் வேண்டும். விடுதியில் படித்துவிட்டு வந்த பிள்ளை வகுப்பில் இருந்தால் ஆசிரியரிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

## எந்த வீட்டுக்கு எது

வந்து ஆறு மாதம் ஆகாத பிள்ளை, ஆங்கிலம் குறைவு: பொருள் பெட்டி, கூடவே தாய்மொழிப் பேச்சு. வேறெதையும் இப்போது தேடாதீர்கள். பிரெய்ல் நன்றாக வரும், பள்ளியில் தேர்வு இருக்கிறது என்றால் கொடியும் வரைபடமும் புடைப்பில், மற்றதெல்லாம் பெட்டியில். கொஞ்சம் பார்வை மிச்சமிருந்தால் பெரிதாக, அழுத்தமான நிறத்தில் அச்சடித்த படமே முதலில். தொடுவதை அதோடு சேருங்கள். இரண்டு வேலைக்குப் போகும் பெற்றோருக்கு நேரமே இல்லையென்றால், ராத்திரி சமைக்கும்போது கீதத்தைப் போடுங்கள், பட்டை கிராம்பை முகரக் கொடுங்கள், பத்து நிமிடம் போதும். போரிலிருந்து வந்த வீடு என்றால் நேரில் போவதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைத்தாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

பள்ளியிடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று. செப்டம்பர் முதல் வாரத்தில், ஆண்டு முழுக்க வரும் நாட்களின் பட்டியலையும், ஒவ்வொரு நாளும் வகுப்பில் என்ன செய்வார்கள் என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். யார் எழுந்து நிற்பார்கள், எப்போது பாட்டு, எப்போது அமைதி, எது கையில் தருவார்கள். இரண்டு வாரம் முன்னால் தெரிந்தால், பூசணியோ கசகசாவோ அதற்குள் வீட்டுக்கு வந்துவிடும்.